வரத்து

கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குக்
கூட்டத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.
எண்பது பக்கம், கோடு போட்டது.
அட்டையில் பிள்ளையார் சுழி,
அதன் கீழே: நரிக்கோட்டகம் பெரியகுளம் தூர்வாரும் வேலை.

முதல் பக்கம் முழுக்க வரவு.
சிங்கப்பூரிலிருந்து மணிமொழியன் பத்தாயிரம்.
நூறுநாள் வேலைப் பெண்கள் ஆளுக்கு ஐம்பது,
அதில் பாக்கியம் மட்டும் இரண்டு தவணை.
ஜமாத்திலிருந்து மூவாயிரம், ரசீது வேண்டாமென்றார்கள்.
பெயர் போடாதே என்று சொல்லிப்
பக்கிரிசாமி கொடுத்த ஐந்நூறை
‘பெயர் போடாதே பக்கிரிசாமி’ என்றே எழுதியிருக்கிறேன்.

செலவு.
ஹிட்டாச்சி மணிக்கு ஆயிரத்து இருநூறு.
டீசல் தனி. டீ, வடை தனி.
காட்டாமணக்கை வேரோடு பிடுங்கவேண்டும்,
வெட்டினால் வாரத்துக்குள் வாசலில் நிற்கும்
கடன் கொடுத்தவனைப்போல.
பன்னிரண்டு வருஷமாக நாங்கள் குளம் என்று சொன்னது
ஆகாயத்தாமரையைத்தான்.

மூன்றாம் நாள்
வடமேற்கு மூலையில் வண்டியை நிறுத்தினான் ஜெகபர்.
என்ன கோளாறு என்று கரையிலிருந்து கத்தினோம்.
கையை நீட்டினான்.
தாழைக்கோழி அடையில் இருந்தது.
இரும்பு வாய் பத்தடியில் தொங்க
அது எழவேயில்லை.
‘அந்த மூலை கெடக்கட்டும்’ என்றான்.
அதற்குள் அரைமணி போயிருந்தது.
அதை அவன் நேரத்தில் சேர்க்கவில்லை.
வாங்காத காசை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா?
ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன்.

குளம் ஆயிற்று.
வரத்து வாய்க்கால் இல்லாமல் குளம் வெட்டுவது
உலை வைக்காமல் இலை போடுவது.
தாலுகாவிலிருந்து சர்வேயர் வந்தார்.
பழுப்பேறிய புலப்படத்தில் அகலம் பதினாறு அடி.
சங்கிலி பிடித்து நடந்தோம்,
முள்ளியாற்று மதகிலிருந்து, ரேஷன் கடைப் பின்புறமாக.
யார் வேலி, யார் தென்னை என்று
குனிந்து குறித்துக்கொண்டே வந்தவள்
சங்கிலி நின்ற இடத்தில் நிமிர்ந்தேன்.
என் கடை.
கடைக்குப் பின்னால்,
கஜாவுக்கு அப்புறம் குழுக்கடன் வாங்கிக் கட்டிய
என் கழிப்பறை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.
சர்வேயர் டீ கேட்டார்.

இடிக்க முக்கால் மணி. தொள்ளாயிரம்.
பொதுக்கணக்கில் எழுது என்றார்கள் சிலர்.
ஊர்க்காசு உன் கக்கூசுக்கா என்றார் ஒருவர்.
பாதிப் பாதி எழுதினேன், அடித்தேன்,
முழுசாக என் பெயரில் எழுதினேன்.
பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம்.
இரண்டு நாள் எவர் முகத்திலும் விழிக்கவில்லை,
மூன்றாம் நாள் வயிறு கேட்கவில்லை.
ஒன்றரை மாதமாகப் பாக்கியம் வீட்டுக்குத்தான்
வாளியோடு போய்வருகிறேன்.
எனக்கென்று ஒரு சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

கடைமடைக்கு எல்லாம் கடைசியில்தான்.
மேட்டூர் திறந்ததைப் பேப்பர்கள் மறந்தபிறகு,
ராத்திரி பதினொன்றரைக்கு
வாட்ஸ்அப்பில் யாரோ மூச்சிரைக்கப் பேசினார்கள்:
‘வந்துட்டு. மதகு தாண்டி வந்துட்டு.’
டார்ச்சுகளோடு ஓடினோம்.
முதலில் வந்தது தண்ணீரில்லை.
நுரை, ஒற்றைச் செருப்பு, ஷாம்பு உறைகள்,
பாதி கரைந்த ஒரு மாலை.
அதன் பின்னால்,
நண்டு வளைகளுக்குள் களக் களக்கென்று இறங்கி,
என் கடைச் சுவரை உரசிக்கொண்டு,
நேற்றும் இப்படித்தான் போனேன் என்பதுபோல்
அது போயிற்று.

கடைசிப் பக்கம்.
நட்ட கன்று இருநூறு, ஆடு தின்றது போக அறுபத்தொன்று.
காசிலிங்கம் கோழிப்பண்ணைக்குக் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்,
அங்கே பதினாறடி நாலடியாகி ஒடுங்கிப் போகிறது.
ஷட்டருக்குக் கிரீஸ் நூற்றெண்பது.
கையிருப்பு முந்நூற்று நாற்பது.

நேற்று எட்டிப் பார்த்தேன்.
வடமேற்கு மூலையில் கூடு காலி.
பொரித்துப் போயிற்றா, சாரை தின்றதா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
ஷட்டர் சாவி யார் கையில் இருப்பது என்று பேசவேண்டும்.
சண்டை வரும்.
நோட்டை எடுத்துக்கொண்டுதான் போவேன்.